கோபாலுக்கு மட்டும் தெரிந்த ஒன்று: மறுபடியும் 'புதிய பறவை'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் 'புதிய பறவை' படத்தின் முடிவு ஒளிவுமறைவில்லாமல் வருகிறது. 1964-ல் வந்த படம், இன்னும் முடிவு தெரியாதவர் யார் இருக்கப் போகிறார்கள் என்று போன மாதம் வரை நானும் நினைத்திருந்தேன். இருக்கிறார்கள். என் அக்கா மகளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வயது, வாரத்துக்கு மூன்று படம் பார்க்கிறவள், ஆனால் இந்தப் படத்தில் அவளுக்குத் தெரிந்தது மிமிக்ரிக்காரர்கள் சொல்லிக் கேட்ட அந்தக் 'கோப்பால்' மட்டும்தான். அவளைப் போல இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு ராத்திரி இரண்டரை மணி நேரம் ஒதுக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் பேசலாம்.

பேச்சு ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. அவள் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு த்ரில்லர் நன்றாக இல்லையாம், ஏனென்றால் கடைசியில் ட்விஸ்ட் இல்லையாம். "ட்விஸ்ட் இல்லேன்னா த்ரில்லர் எதுக்கு மாமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச காலமாகவே இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. படம் முழுக்க எதையோ மூடி மறைத்து வைத்திருந்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பழைய காட்சிகளையெல்லாம் வேகவேகமாகத் திரும்ப ஓட்டி, இதை நீ கவனிக்கவில்லை பார், அதை நீ கவனிக்கவில்லை பார் என்று காட்டுகிறார்கள். தியேட்டரே கைதட்டுகிறது. வண்டியை எடுக்கும்போது ஒரு பாத்திரத்தின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. ட்விஸ்ட்தான் படங்களைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. "அப்போ உங்க காலத்துலேர்ந்து ஒரு நல்ல ட்விஸ்ட் காட்டுங்க, பார்ப்போம்."

என் காலம் இல்லை, என் பெரியம்மா காலம். அவரும் அன்றைக்கு வீட்டில் இருந்தார். எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி, ஆனால் சிவாஜி படம் என்றதும் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போடச் சொன்னார்.

படத்தைத் தேடி எடுக்கும்போதே ஒரு எரிச்சல். செயலியின் பெயர் வேண்டாம், ஆனால் சொல்லியே ஆகவேண்டும்: படத்தின் பெயருக்குக் கீழே போட்டிருந்த மூன்று வரிக் கதைச்சுருக்கத்தில் கடைசி வரியிலேயே யார் கொலை செய்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லவேளை ரிமோட் என் கையில் இருந்தது, அவள் படிப்பதற்குள் அழுத்திவிட்டேன். ஒரு படத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கப் போகிறவர்களை நினைக்க வேண்டாமா? பழைய படம் என்றால் யாருக்கும் எந்த உணர்ச்சியும் மிச்சமில்லை என்கிற எண்ணம்தான் இது. பிரதியும் சுமார்தான், வண்ணம் வெளிறி, சில இடங்களில் முகங்களெல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன.

சரி, கதை. கோபால் (சிவாஜி) சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வருகிறார். கப்பலில் லதாவும் (சரோஜாதேவி) அவள் அப்பா ராமதுரையும் (வி.கே.ராமசாமி) பழக்கமாகிறார்கள். ஊர் வந்ததும் தன் பங்களாவிலேயே வந்து தங்குங்கள் என்கிறார் கோபால். காதல் வருகிறது. ஆனால் ரயிலைப் பார்த்தால் கோபால் நிலைகுலைந்து போகிறார். ஏன் என்று லதா கேட்க, தன் முதல் மனைவி சித்ராவைப் பற்றிச் (சௌகார் ஜானகி) சொல்கிறார். சிங்கப்பூரில் ஒரு கிளப்பில் பாடக் கேட்டு, மயங்கி, கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம் அவள் குடியும் போக்கும் தாங்காமல் தவித்து, அவள் நிலையைப் பார்த்த அதிர்ச்சியில் அப்பாவையும் பறிகொடுத்து, கடைசியில் சித்ராவும் ரயிலில் விழுந்து செத்துப்போனாள் என்று. லதா மனம் இளகி ஏற்றுக்கொள்கிறாள். நிச்சயதார்த்தம் நடக்கிற வேளையில், ரங்கன் (எம்.ஆர்.ராதா) என்பவரோடு சித்ரா வந்து நிற்கிறாள், உயிரோடு.

இந்த இடத்தில் அக்கா மகள் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அவள் வழக்கம் அது. ஒன்று, சித்ரா சாகவே இல்லை. இரண்டு, இரட்டைப் பிறவி. மூன்று, வி.கே.ராமசாமியும் எம்.ஆர்.ராதாவும் கூட்டுச் சேர்ந்து சொத்துக்குக் குறி வைக்கிறார்கள். நான்கு, கோபாலுக்கு மூளைக் கோளாறு. நான்கையும் என்னிடம் காட்டி, "இதுல ஒண்ணுதான்" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் இப்போதைய படங்கள் பழக்கிவிட்ட பழக்கம் இதுதான். பத்தாவது நிமிடத்திலிருந்தே முடிவை மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எதிரே ஒரு மனிதன் அழுதுகொண்டிருப்பான், இவர்கள் அவன் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'யாரும் எதிர்பாராத கிளைமாக்ஸ்' என்று சொல்லி விற்றால் பார்க்கிறவர்கள் எதிர்பார்த்துக்கொண்டேதானே உட்கார்ந்திருப்பார்கள்.

கோபால்தான் சித்ரா சாகக் காரணம் என்று அந்த நான்கில் இல்லை. இருக்கவும் முடியாது. சிவாஜி கதாநாயகன், தயாரிப்பும் அவருடையதுதான், நல்லவர், பணக்காரர், அழுகிறார், பாடுகிறார். கதாநாயகன் மீது நமக்கு இருக்கிற நம்பிக்கைக்குப் பின்னால்தான் படம் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறது. மறைத்தது என்று சொல்லக்கூட மனம் வரவில்லை, நடுக்கூடத்திலேயே வைத்திருக்கிறது. நாம்தான் பார்க்க மறுக்கிறோம்.

நான் மறுபடி பார்த்தபோது அசந்துபோனது இதில்தான். வந்தவளை எல்லோரும் சித்ரா என்கிறார்கள். கோபால் ஒருவர்தான் இல்லை, இல்லை என்று கத்துகிறார். கையில் இருக்கிற ஒவ்வொரு சான்றும் நழுவிக்கொண்டே போகிறது. மனிதர் பைத்தியம் பிடிக்கிற நிலைக்கு வருகிறார். ஆனால் ஒரு தடவைகூட, ஒருவேளை இவள் சித்ராவாகவே இருப்பாளோ என்று அவர் சந்தேகப்படுவதில்லை. சாதாரணமாகப் பெண்டாட்டி ரயிலில் அடிபட்டுச் செத்தாள் என்று நம்பிய ஒருவன், அதே முகத்தோடு ஒருத்தி வந்து நின்றால் ஒரு நொடியாவது தடுமாறுவான். தண்டவாளத்தில் பார்த்தது வேறு யாரோ, ஆள் மாறிவிட்டதோ என்று நினைப்பான், உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் படலாம். கோபாலுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. ஏனென்றால் சித்ராவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்டவாளத்தில் போட்டதே அவர்தான். அந்த உறுதிதான் துப்பு. அது படம் முழுக்க உரக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, முதல் தடவை பார்க்கும்போது நமக்கு அது அநியாயமாக மாட்டிக்கொண்டவனின் கதறலாகக் கேட்கிறது.

பொறி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வந்தவள் சித்ரா இல்லை என்று நிரூபிக்கக் கோபாலிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு வழி. சித்ரா எப்படிச் செத்தாள் என்கிற உண்மையைச் சொல்வது. அதைச் சொன்னால் லதா கிடைப்பாள், ஆனால் குற்றவாளி ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தியோடு குடும்பம் நடத்த வேண்டும், லதா போய்விடுவாள். லதாவுக்காகச் சொல்கிறார். வீட்டை விட்டுப் போகிறேன் என்று கிளம்பிய சித்ராவைத் தடுத்ததையும், அவள் தன் பிறப்பையே கேவலமாகப் பேசியதையும், ஆத்திரத்தில் கை ஓங்கி அறைந்ததையும், இதய நோய்க்காரியான அவள் அப்படியே விழுந்து செத்ததையும், குடும்ப மானத்துக்குப் பயந்து அதைத் தற்கொலையாகக் காட்டியதையும் சொல்லி முடிக்கிறார். இந்தப் பெண்ணிடம் இனிமேல் பொய் சொல்ல வேண்டாம் என்கிற நிம்மதியோடு அவளைப் பார்க்கும்போதுதான், அவள் போலீஸ் என்று தெரிகிறது. ராமதுரை போலீஸ். ரங்கன் போலீஸ். வந்த சித்ரா சித்ராவே இல்லை. இந்த வாக்குமூலத்துக்காகத்தான் எல்லாமே.

அக்கா மகள் போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். அது வரைக்கும் ஒரு நிமிடம் விடாமல் கையில் வைத்திருந்தவள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ அவங்க லவ் பண்ணினதும் பொய்யா?"

யார் கொன்றது, எப்படி மாட்டினான், துப்பு எங்கே இருந்தது என்று எதுவும் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள். நான் இத்தனை நாளாக வார்த்தை கிடைக்காமல் சொல்லத் தவித்த விஷயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. திருப்பம் என்றால் அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான படங்களில் அது நம் தலையில் மட்டும் விழுகிறது. படத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், இயக்குநருக்கும் எடிட்டருக்கும் தெரியும், நமக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'புதிய பறவை'யில் அது கோபால் தலையில் விழுகிறது. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையை ஒரே ஒருத்தியிடம் சொன்னார், அவளே அப்படி. அதோடு நிற்காமல் அது லதா தலையிலும் விழுகிறது, நடிக்க வந்தவள் நிஜமாகவே காதலித்துவிட்டாள், தண்டனை முடிந்து வரும்வரை காத்திருக்கிறேன் என்கிறாள். நமக்கு வந்த அதிர்ச்சி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது, அந்த இரண்டு பேருக்கு வந்தது அடங்கப் போவதில்லை என்று தெரிகிறபோது நெஞ்சு கனக்கிறது.

பாட்டுகளை இனிமேல் பழையபடி கேட்க முடியாது. சுசீலாவின் குரலில் லதா பாடுகிற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 'உன்னை ஒன்று கேட்பேன், உண்மை சொல்ல வேண்டும்'. வானொலியில் நூறு முறை கேட்டிருப்போம், கல்யாண வீடுகளில் கேட்டிருப்போம், குழைவான காதல் பாட்டு என்று தலையாட்டியிருப்போம். பாடுகிறவள் யார்? துப்பறிய வந்த அதிகாரி. யாரைப் பார்த்து? சந்தேகத்துக்கு உரிய ஆளைப் பார்த்து. உண்மை சொல்ல வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள், அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், நாமும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கண்ணதாசன் காதலையும் விசாரணையையும் ஒரே வரியில் வைத்துவிட்டார். முதல் தடவை ஒன்று கேட்கிறது, அடுத்த தடவை இன்னொன்று கேட்கிறது, இரண்டுமே பொய்யில்லை. சித்ரா கிளப்பில் பாடும் 'பார்த்த ஞாபகம் இல்லையோ'வும் அப்படித்தான். அதே பாட்டு வந்து நிற்கிறவளின் குரலில் சோகமாகத் திரும்பி வரும்போது, ஞாபகம் இல்லையா என்கிற கேள்வி கோபாலின் கழுத்தை நெரிக்கிறது. ஞாபகம் இருப்பதுதானே அவர் பிரச்சினையே.

'எங்கே நிம்மதி'யைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. விஸ்வநாதன் ராமமூர்த்தி ஏராளமான வாத்தியங்களை அள்ளிக் கொட்டிய பாட்டு, டி.எம்.சௌந்தரராஜன் உச்சத்தில் பாடியிருக்கிறார், திரையில் சிவாஜி அந்த விநோதமான வெளியில் தடுமாறிக்கொண்டு நடக்கிறார். முடிவு தெரியாதபோது, பாவம் நல்ல மனுஷனை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்களே என்று இருக்கும். தெரிந்தபிறகு பார்த்தால், செய்தது உள்ளுக்குள் இருந்து அரிக்கிற ஒருவனின் முகம் அது. சிவாஜி நடிப்பை மிகை என்று சொல்கிறவர்கள் இந்தப் பாட்டில் அவர் கண்களை மட்டும் பார்க்கட்டும். இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்துகிற ஒரே முகத்தை வைத்திருக்கிறார். முதல் தடவை பார்க்கிறவனையும் ஏமாற்றவில்லை, இரண்டாம் தடவை பார்க்கிறவனிடமும் மாட்டிக்கொள்ளவில்லை. இதை எத்தனை நடிகர்கள் செய்ய முடியும் என்று தெரியவில்லை.

இந்தக் கதை முதலில் நம்முடையது இல்லை. 1958-ல் வந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்கிற ஆங்கிலப் படம் வங்காளத்தில் 'சேஷ அங்க' ஆகி, அங்கேயிருந்து தாதா மிராசி இயக்கத்தில், ஆரூர்தாஸ் வசனத்தில் தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண்ணிடம் செத்துப்போன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான், கடைசியில் அவன் போலீஸ். புத்திசாலித்தனமான படம்தான். ஆனால் அங்கே வேஷம் போடுகிறவர்தான் போலீஸ், தன் வேலையைச் செய்கிறார், முடிந்ததும் போகிறார். தமிழில் வேஷம் போட்டு வந்தவளை ஓரமாக விட்டுவிட்டு, கதாநாயகன் நெஞ்சோடு சாய்ந்திருக்கிறவளையே போலீஸாக்கிவிட்டார்கள். திருப்பத்தின் எடை முழுவதும் அங்கேதான் கூடுகிறது.

பக்கத்தில் வைத்துப் பேச இன்னொரு படம் இருக்கிறது, அதிலும் சிவாஜிதான், பத்து வருஷம் முன்னால், 1954-ல். வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்'. பாட்டே கிடையாது, அதனாலேயே அன்றைக்கு ஜனங்களுக்குப் பிடிக்காமல் போனது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் ராஜன் என்கிற ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஜாவர் சீதாராமன் விசாரணை அதிகாரி, திரைக்கதையும் அவருடையதே. பக்கத்து வீட்டுக்காரர் தம்பியைக் காட்டுகிறார், தம்பி தன் மனைவியைக் காட்டுகிறான், அவள் ராஜனின் ஆசைநாயகியைக் காட்டுகிறாள், அவள் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுகிறாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒரு கதை, ஒரு ராஜன். கடைசியில் பார்த்தால், முதல் காட்சியிலிருந்து அழுதுகொண்டிருக்கிற மனைவி உஷா (பண்டரிபாய்) கையில்தான் துப்பாக்கி இருந்தது, ராஜன் எதிரிக்கு ரகசியம் கொடுத்த தேசத்துரோகி. உஷாவின் அழுகை நடிப்பு இல்லை. புருஷன் செத்ததற்கும் அழுகிறாள், அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கும் அழுகிறாள், தான் செய்ததற்கும் அழுகிறாள். முடிவு தெரிந்தபின் முதல் காட்சியைப் பார்த்தால் அந்த மூன்றும் தெரிகிறது.

எம்.நைட் ஷியாமளனின் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) என்றாலே எல்லோரும் ட்விஸ்ட் என்றுதான் பேசுகிறார்கள், எனக்கு அதில் மனதில் நிற்பது தூங்குகிற மனைவியின் கையிலிருந்து உருண்டு விழுகிற கல்யாண மோதிரம். அந்த நொடியில் நம்மோடு சேர்ந்து அந்த டாக்டருக்கும் தெரிகிறது, தான் உயிரோடு இல்லை என்று. நமக்கு ஆச்சரியம், அவருக்கு வாழ்க்கையே போயிற்று. இதுவும் பாத்திரத்தின் தலையில் விழுகிற திருப்பம்தான்.

அக்கா மகள் 'மகாராஜா'வை (2024) இழுத்தாள், நியாயம்தான். நித்திலன் சாமிநாதன் எழுதிய விதம் கெட்டி. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிற ஒரு மனிதனில் ஆரம்பித்து, காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்போது தியேட்டரே உறைந்து போனதை நானும் பார்த்தேன். அதில் எனக்குச் சம்மதமும் உண்டு, உறுத்தலும் உண்டு. காலக் குழப்பம் நமக்கு மட்டும்தான், மகாராஜாவுக்கு எல்லாம் வரிசையாகத் தெரியும், அது எடிட்டிங் மேஜையில் நடந்த வேலை. ஆனால் தான் நாசம் செய்தது தன் மகளைத்தான் என்று வில்லன் செல்வத்துக்குத் தெரிகிற இடம் இருக்கிறதே, அது அவன் தலையில் விழுகிற இடி, அதனால்தான் அந்தப் படம் நிற்கிறது. உறுத்துவது அந்தப் பெண்ணைப் பற்றி. அவளுக்கு நடந்தது ஒரு அதிர்ச்சிக்காகப் பொத்திவைக்கப்பட்டு, சரியான நேரத்தில் எடுத்துக் காட்டப்படுகிறது. அவள் செல்வத்துக்கு எதிரில் வந்து நின்று பேசுகிற காட்சி வைத்தது நல்லது, அது இல்லாவிட்டால் என்னால் மன்னித்திருக்கவே முடியாது. இதை அக்கா மகள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, "அந்தக் கோபம் வரணும்னுதானே மாமா அப்படி வெச்சாங்க" என்றாள். அதிலும் அர்த்தம் இருக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'புதிய பறவை'யில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நாகேஷ் வருகிற சிரிப்புப் பகுதிகள் அப்போதைய வழக்கத்துக்குச் சரி, இன்றைக்குப் பார்க்கையில் கதையை அங்கங்கே இழுத்து நிறுத்துகின்றன. சித்ராவை ஒரேயடியாகக் கெட்டவளாகக் காட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை. குடிக்கிறாள், ஆடுகிறாள் என்பதையே அவள் சாவுக்குப் பாதி நியாயம் மாதிரி வைத்துவிட்டார்கள். சௌகார் ஜானகி அந்த ரோலை எவ்வளவு உயிரோடு செய்திருக்கிறார் என்று பார்க்கும்போது, அவள் பக்கத்துக் கதையையும் ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது. உண்மையில் செத்தவள் அவள், படத்தில் அவளுக்காக அழ ஒருவர்கூட இல்லை.

இன்னொன்று சட்டம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவிலேயே இருக்கிறது, இப்போது புதுச் சட்டம் வந்தபிறகும் அந்த விதி போகவில்லை. அப்படியென்றால் லதாவும் ராமதுரையும் ரங்கனும் இத்தனை மாயம் செய்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்பதே சந்தேகம். அதைவிட மனதை வாட்டுவது வேறு. ஒரு அறையில் நோயாளி ஒருத்தி விழுந்து செத்தாள் என்றால் அது திட்டமிட்ட கொலை ஆகாது. அன்றைக்கே கோபால் நடந்ததைச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. மறைக்கப் போய்த்தான் வாழ்க்கையைத் தொலைத்தார். இதைப் படம் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் தடவை பார்க்கும்போது எனக்கு அதுதான் கேட்டது. மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு நாலரை. அந்த அரை சித்ராவுக்காகக் குறைத்தது.

பெரியம்மா இந்தப் படத்தை முதலில் பார்த்தது ஊரில் டூரிங் டாக்கீஸில், பதினாலு பதினைந்து வயதில். படம் டவுனில் ஓடி முடித்துக் கிராமத்துக்கு வரப் பல மாதம் ஆகும். மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தாராம். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு போடுவார்கள். சித்ரா வந்து வாசலில் நின்றதும் ரீல் முடிந்து விளக்கு வந்துவிட்டது. கொட்டகை முழுக்க ஒரே சத்தம், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அப்போது டவுனில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு ஆள் பின்னாலிருந்து எழுந்து, "அவன்தான்யா கொன்னுட்டான், அந்தப் பொண்ணு போலீசு" என்று கத்திவிட்டானாம். அவனை நாலு பேர் அடிக்கப் போனார்களாம்.

"அப்போ உங்களுக்குப் படமே போச்சே பாட்டி" என்றாள் இவள்.

"போறதாவது" என்றார் பெரியம்மா. "அதுக்கப்புறம்தான் நான் படமே பார்த்தேன். அவ அவன் பக்கத்துல உக்காந்து சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும். சொல்லிடாதே சொல்லிடாதேன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். அழுத அழுகைல தாவணி நனைஞ்சுபோச்சு."

முடிவைக் கெடுக்கிறவர்களுக்கு நான் சாதகமாகப் பேசவில்லை, முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் முடிவு தெரிந்தே பார்த்த ஒரு பதினாலு வயதுப் பெண்ணை அறுபது வருஷம் கழித்தும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அது ட்விஸ்ட்டின் வேலை மட்டும் இல்லை.

படம் முடிந்து மணி பத்தரை. நான் டிவியை அணைக்கப் போனேன். அக்கா மகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். லதா எந்த இடத்தில் நடிப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகக் காதலிக்க ஆரம்பித்தாள் என்று பார்க்க வேண்டுமாம். பெரியம்மா, சித்ரா கதையைக் கோபால் சொல்லி முடித்தபோதுதான் என்கிறார், அந்த முகத்தைப் பார்த்த எவளும் இளகுவாள் என்கிறார். எனக்குக் கப்பலிலேயே என்று தோன்றுகிறது. இவள் அது இரண்டும் இல்லை, பாட்டில்தான் என்று பிடிவாதமாக அந்தப் பாட்டுக்குத் திரும்பப் போனாள். சாயங்காலம் 'கோப்பால்' என்று லதா முதல் தடவை கூப்பிட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவள், இப்போது அதே குரல் வந்ததும் சிரிக்கவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். சரோஜாதேவி நிமிர்ந்து பார்க்கிற ஒரு இடத்தில் நிறுத்தினாள், "இங்கதான் மாமா" என்றாள், ஒரு நொடி பின்னால் போனாள், மறுபடி நிறுத்தினாள். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி போ" என்றார்.